வெளியே ஒருவர்

ஒரு வீட்டை விற்க வேண்டுமானால், அதில் இதுவரை மனிதர்கள் யாரும் வசிக்கவே இல்லை என்று முதலில் சாதிக்க வேண்டும். எழுபதை எட்டிப்பிடிக்கப் போகிற வயதில் சம்பத்குமாருக்குக் கிடைத்த ஞானம் இது. கொடுத்தவள் ஆத்விகா.

ஆத்விகாவின் அட்டையில் 'முதுநிலை இல்ல அனுபவ வடிவமைப்பாளர்' என்று பொன்னிற எழுத்தில் பொறித்திருந்தது. வீடு பார்க்க ஆள் வருவதற்கு முன்னால் ஒட்டடை அடித்து, பழைய சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே நல்ல விரிப்பாகப் போட்டு மறைக்கிற வேலைக்கு அந்தப் பெயர். பெண் பார்க்க வருகிற நாளில் கோயம்புத்தூரில் எல்லா வீட்டுச் சின்னம்மாக்களும் ஓசியிலேயே செய்துகொண்டிருந்ததுதான். அவர்களுக்கு அட்டை அடிக்கத் தோன்றவில்லை.

சம்பத்குமாருக்கும் ஒரு காலத்தில் அட்டை உண்டு. 'பேராசிரியர் மற்றும் துறைத்தலைவர், இயற்பியல்.' ஓய்வு பெற்ற மறுநாள் மீதி அட்டைகளை என்ன செய்வது என்று அவர் கலங்கி நின்றபோது, அவர் மனைவி தாமரை அவற்றின் பின்பக்கம் கடுகு, உளுந்து, வெந்தயம் என்று எழுதி மளிகை டப்பாக்களில் ஒட்டிவிட்டாள். கண்ணாடி டப்பாவைத் திருப்பினால் உள்பக்கமாகத் துறைத்தலைவர் தெரிவார். பெருங்காய டப்பாவில் அவர் மணந்துகொண்டேயிருந்தார்.

அந்த டப்பாக்களைத்தான் ஆத்விகா இப்போது ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவை இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வந்து உட்கார்ந்தது. அது நிறைய எலுமிச்சம்பழம்.

"இத்தன பழம் எதுக்கு அம்மிணி? ஊறுகாய்க்கா?"

"கலர் ஆக்சென்ட் சார். தொடாதீங்க, பிளாஸ்டிக்."

"அப்ப ஊறுகாய்க்கு ஆகாது."

ஆத்விகா சிரிக்கவில்லை. சிரிப்பதும் அவளுடைய நிறுவனத்தின் கையேட்டில் ஏதோ ஒரு அத்தியாயத்தில் தனியாக இருந்திருக்கலாம். நாற்காலிகளை அவள் யாருமே உட்கார முடியாத கோணத்தில் திருப்பினாள். சுவரிலிருந்த தாமரையின் படத்தை, "சாரி சார், வாங்கறவங்க இந்தச் சுவத்துல தங்களைத்தான் கற்பனை பண்ணிப் பாக்கணும்," என்று சொல்லி, மாலையோடு கழற்றி, அவர் கையில் மெதுவாகக் கொடுத்தாள். அந்த மெதுவுக்காக அவர் அவளை மன்னித்தார். பிறகு ஒரு சின்னக் குப்பியை எடுத்து ஹாலெங்கும் பீய்ச்சினாள்.

"இதென்னது?"

"அப்பதான் சுட்டெடுத்த ரொட்டி வாசனை. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் வாங்கறவங்களுக்குக் குழந்தைப் பருவ ஞாபகம் வரும்னு ஆராய்ச்சி சொல்லுது."

இந்த வடவள்ளியில் யாருடைய குழந்தைப் பருவத்தில் யார் ரொட்டி சுட்டார்கள் என்று கேட்க வாயைத் திறந்த சம்பத்குமார், கேட்க முடியாமல் பலமாகத் தும்மினார்.

"நூறு," என்றது கூரை.

ஆத்விகா திடுக்கிட்டு மேலே பார்த்தாள். அவர் இன்னொரு தும்மல் போட்டார்.

"இருநூறு."

"சார், இதுவும் இருக்கா இன்னும்?" என்றாள் ஆத்விகா. "வீட்டோட ஞாபகத்தையெல்லாம் துடைச்சாகணும் சார். வர்றவங்க முன்னாடி வீடு இப்படிக் கணக்குச் சொன்னா என் வேலை போயிரும்."

தும்முகிற குழந்தைக்கு நூறு வயசு வாழட்டும் என்று 'நூறு' சொல்வது வழக்கம். அந்த வழக்கத்தை வீட்டுக்குக் கற்றுக்கொடுத்தவள் தாமரை.

அந்தக் காலத்தில் ஊரெங்கும் வீடுகளுக்கு அறிவு பொருத்திக்கொண்டிருந்தார்கள். 'உங்கள் இல்லம் உங்களைப் புரிந்துகொள்ளும்' என்று விளம்பரம். மனுஷிக்கே புரியாத என்னைச் செங்கல்லா புரிந்துகொள்ளப் போகிறது என்றார் சம்பத்குமார். "எனக்குப் புரியலேன்னு யாரு சொன்னா? சொல்லிக்காட்டறதில்ல, அவ்வளவுதான்," என்றாள் தாமரை. பொருத்த வந்த பையன் மூலைக்கு மூலை காமிரா மாட்டப் போனபோது அவனைத் தடுத்தவளும் அவள்தான்.

"குளிச்சுட்டு வர்றப்ப இது பாத்துட்டு நிக்குமா தம்பி?"

"மிஷினுங்க்கா அது. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்கு மாட்டறே? காது மட்டும் வெச்சுட்டுப் போ, போதும்."

அப்படிக் கண்ணே இல்லாமல் வேலைக்குச் சேர்ந்த வீட்டுக்கு அவள் வைத்த பெயர், கண்ணு.

கண்ணில்லாத கண்ணு எல்லாவற்றையும் காதால்தான் தெரிந்துகொண்டது. யார் உள்ளே, யார் வெளியே என்பதும் அப்படித்தான். 'போயிட்டு வர்றேன்' என்று யாராவது சொன்னால், அவர் திரும்பி வரும்வரை வாசல் விளக்கை அணைக்காது, கேட்டைப் பூட்டாது, அடுப்படியில் பாலை ஆறவிடாது. இதில் ஒரு சிக்கல் முளைத்தது. இந்த ஊரில் 'போறேன்' என்று யாரும் சொல்வதில்லை. மெத்தை விற்க வந்தவன், ஓட்டுக் கேட்க வந்தவர், தப்பான விலாசத்துக்கு வந்த கூரியர்காரர் எல்லோருமே போயிட்டு வர்றேன் என்றுதான் படியிறங்கினார்கள். கண்ணு அத்தனை பேருக்கும் விளக்கெரித்துக் காத்திருந்தது. நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் எங்கோ ஒரு குளிர் தேசத்திலிருந்து திரையில் வந்து, "உங்கள் மொழியில் சும்மா போகிறவர்களே கிடையாதா?" என்று நொந்துகொண்டார். சம்பத்குமார் பண்பாட்டைப் பற்றி அவருக்கு நீளமாக ஒரு விளக்கம் கொடுக்கத் தொடங்கினார். அவர் முன்னுரையை முடிப்பதற்குள் தாமரை பிரச்சினையையே முடித்துவிட்டாள். "இத பாரு, உன்னையக் கண்ணுன்னு கூப்பிட்டு யாரு சொல்லிட்டுப் போறாங்களோ அவங்க மட்டுந்தான் நம்ம வூட்டு ஆளு. அவங்களுக்கு மட்டும் காத்திரு."

அதிலும் ஒரு முறை வம்பு வந்தது. ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வந்துபோன ஈரோட்டு அத்தை, இவர்கள் மகள் மகிழினியின் கன்னத்தைக் கிள்ளி, "கண்ணு, போயிட்டு வர்றேன்," என்றாள். கூப்பிட்டது தன்னைத்தான் என்று வீடு நினைத்துக்கொண்டது. கண்ணு என்று ஆளைக் கூப்பிடாத வாய் கொங்கு நாட்டில் எங்கே இருக்கிறது? விடிய விடிய அத்தைக்காக விளக்கெரிந்தது. காலையில் தாமரை, "அவங்க வரமாட்டாங்க கண்ணு, அணைச்சுரு," என்றாள். அணைந்தது. அவ்வளவு சுலபமாக இருந்தது அந்த வாக்கியம் அப்போது.

இன்னொரு நாள் சம்பத்குமாரின் பதிவுசெய்த சொற்பொழிவு ஒன்றை மகிழினி ஹாலில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள், பரீட்சைக் கொடுமை. வீடு குரலைக் கேட்டு, ஐயா வந்தாயிற்று என்று கேட்டைப் பூட்டிவிட்டது. நிஜ ஐயா வெளியே மழையில் நின்று, உள்ளே தான் வெப்ப இயக்கவியல் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நனைந்தார். அன்றைக்குத் தாமரை சிரித்து முடித்தபின் இன்னொரு கட்டளை போட்டாள். "கண்ணு, இவரு குரல் கேட்டா இவரு வந்துட்டாருன்னு அர்த்தமில்ல. இவரு பேசிட்டேதான் இருப்பாரு. வந்துட்டேன்னு சொன்னாத்தான் வந்ததாக் கணக்கு." அப்புறம், வீடு தொணதொணத்துக்கொண்டே இருந்தது பிடிக்காமல், "கேட்டாத்தான் பேசோணும். தும்முனா மட்டும் நூறு சொல்லிக்க," என்றும் சொல்லிவைத்தாள்.

தாமரையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன நாளில் எரியத் தொடங்கிய வாசல் விளக்கு, அதன்பின் அணையவே இல்லை. பகலிலும் எரிந்தது. அக்கம்பக்கத்தார் முதலில் சொல்லிப் பார்த்தார்கள், பிறகு சொல்வதை விட்டுவிட்டார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சம்பத்குமாருக்கும் தெரியும். அதனால் அவர் வீட்டோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஃபேன் வேண்டுமென்றால் எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டார்.

"சார், இங்க வாங்க," என்றாள் ஆத்விகா, கையிலிருந்த தொடுதிரைப் பலகையைக் காட்டி. அதில் சிவப்பாக ஒரு வரி: 'துடைக்க இயலாது. வெளியே ஒருவர்.'

"போன தடவை எங்க ஆளு வந்தப்பவும் இதான் சார். அதுக்கு முந்தின தடவையும் இதான். வீடு பாக்க வந்தவங்க எல்லாம் இந்த லைட்டைப் பாத்துட்டு, ஏன் எரியுதுன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

"ஒருத்தரு வெளிய இருந்தாத் துடைக்கக் கூடாதுன்னு எவன் சட்டம் போட்டான்?"

"அது பெரிய கதை சார். அப்பா காசிக்குப் போயிருக்கறப்ப புள்ளைங்க வீட்டோட ஞாபகத்தைத் துடைச்சு வித்துட்டாங்க. அவரு கங்கைத் தண்ணியோட வந்து நிக்கறாரு, வீடு யாருன்னு கேக்குது. கோர்ட்டு வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம்தான் சட்டம். வெளிய போனவங்க திரும்பி வரணும். இல்லைன்னா வரமாட்டாங்கன்னு வீட்டுக்காரர் தன் வாயால சொல்லணும்."

"துடைக்காமயே வித்தா என்ன?"

"விக்கலாம் சார், தப்பில்ல. ஆனா அடுத்தவங்க ஞாபகத்தோட இருக்கற வீட்டை யாரு வாங்குவா? எங்க கம்பெனி அந்த மாதிரி வீட்டைக் கையில எடுக்கறதில்ல. இன்னைக்கு வர்றவங்களும் போயிட்டா மேனேஜர் உங்க வீட்டைப் பட்டியல்லயிருந்து எடுக்கச் சொல்லிட்டாரு."

வெளியே இருப்பது யார் என்று பலகை சொல்லாது. அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மைசூரில் மகிழினி அவருக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருந்தாள். சன்னலுக்கு வெளியே மாமரம், பக்கத்து வீட்டில் சதுரங்கம் ஆட ஒரு கிழவர், எல்லாம் தயார். குளியலறையில் அவர் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் வரும்வரை ஈரத் தரையில் கிடந்த நாளிலிருந்து தினமும் ஃபோன். போகக் கூடாது என்று அவருக்கும் இல்லை. தனியாக உண்டு, தனியாக இருமி, தனியாகச் செய்தி கேட்டு எதிர்க்கருத்துச் சொல்ல ஆளில்லாமல் அலுத்துப் போயிருந்தார். ஆனால் போக வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். விற்க வேண்டுமென்றால் அதனிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

"அந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்கு எத்தன மாசம்ப்பா?" என்று நேற்றுக்கூட மகிழினி கேட்டாள். பிறகு அவளே, "சரி, நானே வந்து சொல்லிர்றேன்," என்றாள். பிறகு அவளே பேச்சை மாமரத்துக்கு மாற்றினாள்.

ஒளியைப் பற்றி முப்பதாண்டுக்கு மேல் பேசிச் சம்பளம் வாங்கியவர் அவர். அணைந்துபோன நட்சத்திரத்தின் ஒளி நம்மை வந்து சேர்ந்துகொண்டேதான் இருக்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். அந்த உவமையை இப்போது நினைத்தால் அவருக்கே கூசியது. ஒரு வாசல் விளக்கை அணைக்கத் தெரியவில்லை.

"நான் வெளிய கேட்டுல போர்டைச் சரிபண்ணிட்டிருக்கேன் சார்," என்றாள் ஆத்விகா. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். "எங்க அம்மா வீட்டை நான்தான் துடைச்சேன். அன்னைக்கு யாரும் கூட நிக்கலை, அதுவே நல்லதாத்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டு அவசரமாகப் போனாள். அந்த ஒரு வாக்கியத்தில் முதுநிலையும் வடிவமைப்பும் இல்லை. வெறும் ஆத்விகாதான் இருந்தாள்.

சம்பத்குமார் தனியாக நின்றார். ரொட்டி மணத்தது. எலுமிச்சம்பழங்கள் தொடப்படாமல் மினுமினுத்தன. தாமரையின் படம் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரிய கூட்டங்களில் பேசத் தொடங்குமுன் அவர் செருமும் அதே செருமல். பழக்கதோஷம்.

"கண்ணு."

"சொல்லுங்." வீட்டின் குரல் யாருடைய குரலும் இல்லைதான். ஆனால் அந்த இழுப்பு தாமரையிடம் படித்தது.

"கண்ணு, வந்து... தாமரை..." கையிலிருந்த படத்தைப் பார்த்தார். "தாமரை இனிமே வர..."

"அம்மா வரமாட்டாங்க," என்றது வீடு.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆத்விகா வைத்த கோணத்தில் அது நகர்ந்து கிறீச்சிட்டது.

"உனக்கு யாரு சொன்னா?"

"அம்மாதானுங். ஆஸ்பத்திரிக்குப் போறன்னைக்கு."

அந்தக் காலை அவருக்கு அப்படியே நினைவிருந்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்; ஓடும்போதே பழக்கத்தில், "கண்ணு, போயிட்டு வர்றோம்," என்று கத்தினார். காரின் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, தாமரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூச்சு வாங்க நிற்கிறாள் என்று நினைத்தார். வாய் அசைந்தது போலிருந்தது. ஏதோ சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தார்.

"என்ன சொன்னா?"

"கண்ணு, நான் போறேன்னு சொன்னாங்க."

போறேன். இந்த வீட்டில், அநேகமாக இந்தத் தெருவிலேயே, யாரும் சொல்லாத சொல். நல்ல நாளில் யாராவது வாய்தவறிச் சொன்னால்கூட, 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்று அதட்டித் திருத்துகிறவளே அவள்தான்.

"அப்புறம்?"

"எனக்கு லைட்டுப் போட்டு வெக்காதே, அவரு வருவாரு, அவருக்கு எரியட்டும், அவரு வந்துட்டேன்னு சொல்ற வரைக்கும் அணைக்காதேன்னாங்க. அவ்வளவுதானுங்."

சம்பத்குமார் வெளியே பார்த்தார். மாலை வெயிலில் விளக்கு வெளிறி எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப இந்த லைட்டு..."

"ஐயாவுக்குங். போயிட்டு வர்றோம்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னும் வரல."

"கண்ணு, நான் இங்கதான இருக்கறேன்!"

"நீங்க இருக்கறீங்க. அது தெரியுமுங். ஒறம்பரையாட்ட சத்தமில்லாம இருக்கறீங்க. ஐயா மாதிரியேதான் இருமறீங்க, ஐயா மாதிரியேதான் ஃபோன்ல மகிழினி பாப்பாகிட்டப் பேசறீங்க. ஆனாக் குரலை வெச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. நீங்க சொல்லாம நானா எப்படீங் நெனச்சுக்கறது?"

மயானத்திலிருந்து திரும்புகிறவர்கள் வாசலில் நின்று வந்துட்டேன் என்று சொல்வதில்லை. துக்கத்துக்கு வந்தவர்களும் போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். அந்த நாட்களில் இந்த வீட்டுக்குள் ஒரு கூட்டமே வாய்திறக்காமல் வந்தது, வாய்திறக்காமல் போனது. கூட்டத்தோடு கூட்டமாகத் தலையில் ஈரம் சொட்ட அவரும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கடைக்குப் போய்வந்தாலும் நடைக்குப் போய்வந்தாலும், யாரிடம் சொல்ல? 'தாமர, வந்துட்டேன்' என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிக்கொண்டு வருகிறவர்தான் அவர். பதிலுக்கு அடுப்படியிலிருந்து, "ஊரையே கூட்டாதீங்க, தெரியுது," என்று வரும். அது வராது என்று ஆனபிறகு, இதுவும் நின்றுபோனது.

ஆக, இத்தனை மாதமாக அவர் தம் வீட்டிலேயே விருந்தாளியாக இருந்திருக்கிறார். அதையும் வீடு சரியாகத்தான் கவனித்திருந்தது. தப்பாகக் கவனித்தவர் துறைத்தலைவர்.

அவர் படத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். வெளியே போனார். கேட்டருகே போர்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஆத்விகா பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், செருப்பைப் போட்டுக்கொண்டார். கேட்டுவரை நடந்தார். திரும்பி வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார், இடதை முதலில், எப்போதும் போல.

"தாமர..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. அதை அவர் நிறுத்தவில்லை. அது தானாக நின்றபிறகு, "கண்ணு, வந்துட்டேன்," என்றார்.

"வாங்க," என்றது வீடு. "ரொம்ப நேரமாயிருச்சுங்."

வாசல் விளக்கு அணைந்தது.

"பால் சூடா இருக்குதுங்," என்றது பிறகு.

ஆத்விகா பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். சிவப்பு வரி போய், 'வெளியே எவருமில்லை' என்று பச்சையாக வந்திருந்தது. அதன் கீழே, விரல் வைக்க ஒரு வட்டம். "சொல்லிட்டீங்களா சார்?"

"ஆமா அம்மிணி."

"கஷ்டமா இருந்துச்சா?"

"அதைச் சொல்லல. வேற ஒண்ணச் சொன்னேன்." அவர் முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "உன்ற ரொட்டி வாசனை கண்ணுல பட்டுருச்சு."

ரொட்டி வாசனை கண்ணில் படுமா என்று ஆத்விகா கேட்கவில்லை. "உங்க விரலை இதுல வைங்க சார், துடைச்சுரலாம், அவங்க வர்றதுக்குள்ள..." என்றாள். அவர் வட்டத்தைப் பார்த்தார். விரலைத் தூக்கினார். அதற்குள் கேட்டில் ஹாரன் கேட்டது.

"அவங்க பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் வெச்சுக்கலாம்."

வந்தவர்கள் கணவன் மனைவி. கணவர் பெயர் கிருத்திக். உள்ளே நுழைந்ததிலிருந்து சுவரைத் தட்டித் தட்டி, இந்த வீட்டின் 'வளர்ச்சிச் சாத்தியம்' என்ன, 'வெளியேறும் உத்தி' என்ன என்று ஆத்விகாவுக்கு வகுப்பெடுத்தார். இன்னும் குடியே வராத மனிதர் அதற்குள் வெளியேறும் உத்தி கேட்பதைச் சம்பத்குமார் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பெடுக்கத் தமக்குப் பிறகு இன்னொருவர் வந்துவிட்டார் என்ற நிம்மதி.

மனைவி பூங்கொடி நாற்பதைத் தாண்டியவள். நாற்றுப்பண்ணை நடத்துகிறவள் என்று கை சொன்னது. வந்ததும் வராததுமாக, யாரும் உட்காரக் கூடாத நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன கண்ணு, பக்கத்துல பேக்கரியா?" என்றாள் ஆத்விகாவிடம். "அப்ப எறும்பு வருமே."

"இல்ல மேடம், அது ஒரு இதமான..."

"எலுமிச்ச நல்லாருக்கு." ஒன்றை எடுத்து அழுத்தினாள். அது க்வீக் என்றது. பூங்கொடி ஆத்விகாவைப் பார்த்தாள்; ஆத்விகா தரையைப் பார்த்தாள். "பாவம், உன்னையச் சொல்லி என்ன," என்றாள் பூங்கொடி.

சமையலறைக்குப் போனவள் அட்டைப்பெட்டிக்குள் எட்டிப்பார்த்து ஒரு டப்பாவை எடுத்தாள். "இந்தத் துறைத்தலைவரு யாருங்?"

"நான்தானுங்," என்றார் சம்பத்குமார். "இப்பப் பெருங்காயம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் ரொட்டி மணம் மூக்கிலேற, தும்மினாள்.

"நூறு."

ஆத்விகா கண்ணை மூடிக்கொண்டாள். பூங்கொடி மேலே பார்த்து, மறுபடி தும்மினாள்.

"இருநூறு."

"மென்பொருள் கோளாறு," என்றார் கிருத்திக். "இதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம்."

பூங்கொடி அவர் பக்கம் திரும்பவேயில்லை. "இதுக்கு இத யாரு சொல்லிக்குடுத்தா?" என்று மெல்லக் கேட்டாள். சம்பத்குமார் மேசைமேலிருந்த படத்தைக் காட்டினார். அவள் படத்தருகே போய், சரிந்திருந்த மாலையை நேராக்கினாள். வீட்டைப் பற்றி அதன்பின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: காலை வெயில் எந்தப் பக்கம்?

அவர்கள் கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கிருத்திக், "எங்கள் முடிவைத் தகுந்த நேரத்தில் தெரிவிப்போம்," என்று மாநாட்டை முடித்துவைத்து முன்னால் போனார். பூங்கொடி படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் வாடி நின்ற ஆத்விகாவின் தோளைத் தட்டினாள்.

"கண்ணு, போயிட்டு வர்றேன்."

வாசல் விளக்கு எரிந்தது.

சம்பத்குமார் கேட்டுவரை நடந்து போய் வழியனுப்பிவிட்டு நின்றார். பின்னாலேயே ஆத்விகா பலகையோடு வந்தாள்.

"போச்சு சார்! மறுபடியும் 'வெளியே ஒருவர்'. என்னைச் சொன்னதை இது தன்னைச் சொன்னதா எடுத்துக்கிச்சு. துடைக்க முடியாது இப்ப. அவங்க வரமாட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க சார், முடிச்சுரலாம்."

"வரமாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா எல்லாரும் அப்படித்தான சார் சொல்லிட்டுப் போவாங்க?"

"ஆமா அம்மிணி. எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போவாங்க."

ஆத்விகா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பலகையை மெல்ல அணைத்துப் பைக்குள் போட்டாள். மேனேஜரிடம் என்ன சொல்லலாம் என்று அவள் அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டது தெரிந்தது.

அவர் திரும்பி வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார்.

"கண்ணு, வந்துட்டேன்."

"ஊரையே கூட்டாதீங்க, தெரியுது," என்றது வீடு.

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எங்கே படித்துக்கொண்டது என்று கேட்கத் தேவையில்லை. இத்தனை மாதம் வந்துட்டேன் என்று யாராவது சொல்லியிருந்தால்தானே அது பதில் சொல்லியிருக்கும்.

"கண்ணு, அடுத்த வாரம் நான் மைசூருக்குக் கெளம்பறேன். மகிழினிகிட்ட."

"சரிங். போயிட்டு வர்றீங்களா, போறீங்களா?"

இத்தனை கல்விமான்களிடம் கேள்வி கேட்டும் வாங்கியும் பழகியவரை, இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. அவர் யோசித்தார். மேசைமேல் தாமரை தன் பழைய சிரிப்போடு இருந்தாள்.

"போறேன் கண்ணு."

சொன்ன பிறகு பார்த்தால், அது அவ்வளவு கனமாக இல்லை.

"சரிங். அப்ப லைட்டு?"

"எரியட்டும். போயிட்டு வர்றேன்னு சொன்ன அந்தம்மா வருவாங்க."